முதன்மைக் கூறும் காரணியும்: கல்வராயன் மலையின் வசதிக் கணக்கை முன்வைத்து

முதன்மைக் கூறுப் பகுப்பாய்வும் காரணிப் பகுப்பாய்வும் ஒரே இடத்திலிருந்து புறப்படுகின்றன. பல வீடுகளிலோ பல கிணறுகளிலோ பல மாறிகளை அளந்து, எந்த மாறி எதனோடு எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்பதை ஓர் ஒட்டுறவு அணியாக எழுதிக்கொள்வதே இரண்டுக்கும் முதல் வேலை. முடிவில் கைக்கு வருவதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்: ஒவ்வொரு மாறிக்கும் எதிரே, அது கூறோடோ காரணியோடோ எவ்வளவு சேர்ந்து நகர்கிறது என்று சொல்லும் ஒரு சுமை எண், ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே ஒரு மதிப்பெண். இதனால் இரண்டையும் ஒன்றென்றே கருதும் பழக்கம் ஆய்வேடுகளில் வேரூன்றிவிட்டது. மென்பொருளுக்கும் இதில் பங்கு உண்டு. எஸ்.பி.எஸ்.எஸ் மென்பொருளில் காரணிப் பகுப்பாய்வு என்ற பகுதியைத் திறந்து எதையும் மாற்றாமல் விட்டால், அது செய்து தருவது முதன்மைக் கூறுப் பகுப்பாய்வைத்தான். ஆய்வேட்டில் மட்டும் காரணி என்று அச்சாகிவிடுகிறது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மூன்றே மூன்று மாறிகளை வைத்துக் கண்முன் காட்டிவிடலாம். எந்த இரண்டை எடுத்தாலும் அவற்றுக்கிடையே ஒட்டுறவு 0.5 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாறியின் பரவற்படியும், அதாவது சராசரியைச் சுற்றி மதிப்புகள் சிதறிக் கிடக்கும் அளவும், 1 ஆகும்படி திட்டப்படுத்தப்பட்டிருக்கிறது. மொத்தப் பரவற்படி 3.

முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு இந்த அணியின் ஐகன் மதிப்புகளை, அதாவது ஒவ்வொரு கூறும் பிடிக்கும் பரவற்படியின் அளவுகளைக் கண்டுபிடிக்கிறது. அவை 2, 0.5, 0.5. முதல் கூறு மொத்தப் பரவற்படியில் மூன்றில் இரண்டு பங்கை அள்ளிக்கொள்கிறது. அதில் ஒவ்வொரு மாறியின் சுமையும் 2-ஐ 3-ஆல் வகுத்த ஈவின் வர்க்கமூலம், அதாவது 0.816. காரணிப் பகுப்பாய்வு அதே அணியிலிருந்து ஒரு காரணியை எடுத்தால் சுமை 0.707 என்று வருகிறது. எண்களில் பெரிய தூரமில்லை. ஆனால் இந்தச் சுமைகளைக் கொண்டு பழைய அணியை மறுபடி கட்டிப் பார்த்தால் விஷயம் வெளிவரும். காரணியின் சுமைகளைப் பெருக்கினால் 0.5, ஒட்டுறவு அப்படியே திரும்பக் கிடைக்கிறது. மூலைவிட்டத்திலும் 0.5 மட்டுமே வருகிறது. மீதிப் பாதி அந்தந்த மாறிக்கே உரிய தனிப்பங்கு என்று ஒதுக்கி வைக்கப்படுகிறது. முதன்மைக் கூறின் சுமைகளைப் பெருக்கினாலோ 0.667. மூலைவிட்டத்தில் முடிந்த அளவு பரவற்படியைப் பிடித்ததற்கு விலையாக, ஒட்டுறவு இருப்பதைவிட அதிகமாகக் காட்டப்படுகிறது.

ஆக, முதன்மைக் கூறு அணியின் மூலைவிட்டத்தை நோக்கி வேலை செய்கிறது. காரணி மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ள எண்களை நோக்கி வேலை செய்கிறது. முன்னது கேட்பது, இந்தத் தரவை இன்னும் குறைந்த எண்களில் எப்படிச் சுருக்குவது என்பது. பின்னது கேட்பது, இந்த மாறிகள் ஏன் சேர்ந்து நகர்கின்றன என்பது.

கேள்விகள் வேறுபட்டதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. சார்லஸ் ஸ்பியர்மேன் 1904-இல் பள்ளி மாணவர்களின் பாட மதிப்பெண்களும் ஒலியின் ஏற்ற இறக்கத்தைப் பிரித்தறியும் திறனும் தம்முள் ஒட்டுறவு கொண்டிருப்பதைக் கண்டு, அவற்றுக்கெல்லாம் பின்னால் பொது அறிவுத்திறன் ஒன்று இருக்கிறது என்று வாதிட்டார். காரணிப் பகுப்பாய்வு அங்கே பிறந்தது. பிறக்கும்போதே அது ஒரு கருதுகோள். அதற்கு மூன்றாண்டு முன்னால், 1901-இல், கார்ல் பியர்சன் எடுத்துக்கொண்டது சுத்தமான வடிவியல் கணக்கு: வெளியில் சிதறிய புள்ளிகளுக்கு மிக அருகில் போகும் கோடும் தளமும் எவை? இதையே ஹரால்டு ஹோட்டலிங் 1933-இல் முதன்மைக் கூறுகள் என்ற பெயரில் முழு முறையாக வளர்த்தார். அவர் கட்டுரை வெளியானது கல்வி உளவியல் இதழில். அதைப் படித்தவர்கள் ஸ்பியர்மேன் வழிவந்தவர்கள். குழப்பத்தின் விதை அப்போதே விழுந்துவிட்டது எனலாம்.

இந்த இரு முறைகளையும் தனித்தனியே வைத்துச் சிந்தித்தவர்களில் சி. ஆர். ராவ் முக்கியமானவர். அன்றைய சென்னை மாகாணத்துப் பெல்லாரி மாவட்டத்தின் ஹடகளியில் 1920-இல் பிறந்து, கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பல பத்தாண்டுகள் பணியாற்றியவர் அவர். 1955-இல் சைக்கோமெட்ரிகா இதழில் காரணிப் பகுப்பாய்வின் மதிப்பீட்டையும் சோதனையையும் பற்றி எழுதினார். அளந்த மாறிகளோடு மிக நெருங்கிய ஒட்டுறவு கொண்ட காரணிகளையே தேடும் நெறி அதில் இருக்கிறது. 1964-இல் சாங்க்யா இதழில் முதன்மைக் கூறுகளை ஆய்வில் எப்படிப் பயன்படுத்துவது, எப்படிப் பொருள்கொள்வது என்று தனியாக ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். இரண்டுக்கும் இரண்டு கட்டுரைகள் தேவை என்று அவர் கருதியதே இங்கு கவனிக்க வேண்டியது.

மூன்று மாறிக் கணக்குக்குத் திரும்பினால், இரு முறைகளும் எப்போது நெருங்கும் என்பதையும் அதிலிருந்தே அறியலாம். எல்லா ஒட்டுறவுகளும் சமமாக இருக்கையில், முதல் கூறின் சுமை வர்க்கம் என்பது அந்த ஒட்டுறவும், தனிப்பங்கை மாறிகளின் எண்ணிக்கையால் வகுத்து வரும் ஈவும் சேர்ந்தது. மூன்று மாறிகள் என்றால் தனிப்பங்கில் மூன்றில் ஒரு பங்கு கூறுக்குள் நுழைந்துவிடுகிறது, 0.5 என்பது 0.667 ஆனது இப்படித்தான். பத்து மாறிகள் என்றால் 0.55. முப்பது என்றால் 0.517. மாறிகள் பெருகப் பெருகக் கூறும் காரணியும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. தனிப்பங்கு குறைவாக இருந்தாலும் அப்படியே. மாறிகள் சிலவாகவும் தனிப்பங்குகள் பெரிதாகவும் இருக்கும் இடத்தில்தான் எண்கள் தெளிவாகப் பிரிகின்றன.

இதை 1999-இல் டிப்பிங்கும் பிஷப்பும் இன்னும் துல்லியமாக்கினார்கள். காரணி மாதிரியில் எல்லா மாறிகளின் தனிப்பங்கும் சமம் என்று ஒரு நிபந்தனை போட்டு மீப்பெரு நிகழ்தகவு முறையில் தீர்த்தால், கிடைப்பவை முதன்மைக் கூறின் திசைகளே. நம் எடுத்துக்காட்டில் கைவிடப்பட்ட ஐகன் மதிப்புகளின் சராசரி 0.5. முதல் ஐகன் மதிப்பு 2-இலிருந்து அதைக் கழித்தால் 1.5; மூன்றால் வகுத்தால் 0.5, அதன் வர்க்கமூலம் 0.707. காரணியின் சுமை அப்படியே வந்து நிற்கிறது. எனவே எல்லா மாறிகளிலும் இரைச்சல் ஒரே அளவு என்று ஒப்புக்கொண்ட காரணி மாதிரிதான் முதன்மைக் கூறு என்று சொல்வதில் தவறில்லை. அந்த ஒப்புதல் பொருந்துமா என்பது தரவைப் பொறுத்தது.

இந்தியாவில் இந்தக் கணக்கு அன்றாடம் வேலை செய்யும் இடம் குடும்பங்களின் வசதிக் குறியீடு. குடும்பத்தின் செலவைக் கேட்டுப் பதிவு செய்வது கடினம். வீட்டில் என்னென்ன இருக்கின்றன என்று பார்ப்பது எளிது. டியான் ஃபில்மரும் லாண்ட் பிரிட்செட்டும் 1992–93-இன் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பை எடுத்து, பொருள்களின் முதல் முதன்மைக் கூறையே வசதியின் அளவாகக் கொள்ளலாம் என்று 2001-இல் வெளியான கட்டுரையில் காட்டினார்கள். அதன்பின் இது நிலைபெற்றது. 2005–06-இன் மூன்றாவது கணக்கெடுப்பில் குறியீடு 33 விவரங்களால் ஆனது: மின்சாரம், கழிப்பறை, தரை, சுவர், கூரை, சமையல் எரிபொருள், ஓர் அறையில் உறங்குவோர் எண்ணிக்கை, வங்கி அல்லது அஞ்சலகக் கணக்கு, மெத்தை, குக்கர், நாற்காலி, கட்டில், மின்விசிறி, தொலைக்காட்சி, ஃபிரிட்ஜ், சைக்கிள், மோட்டார் சைக்கிள், டிராக்டர் என்று அது நீளும். நாட்டு மக்களை ஐந்து சம பாகமாக்கி, மிக ஏழ்மையானது முதல் மிக வசதியானது வரை வகைப்படுத்துவது இந்த மதிப்பெண்ணை வைத்துத்தான்.

இந்தக் குறியீடு எங்கே தடுமாறும் என்பதைக் கல்வராயன் மலை இருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் பார்க்கலாம். கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. ஐந்தாவது கணக்கெடுப்பு 2017 மார்ச் 31-இல் இருந்த 707 மாவட்டங்களைக் கொண்டு நடந்ததால், கள்ளக்குறிச்சி வீடுகள் அதில் விழுப்புரத்தின் பெயரிலேயே இருக்கின்றன. ஆனால் இந்த மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு வாழ்க்கைகள் உண்டு. கீழே கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் விளையும் சமவெளி. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். மேலே, கோமுகி அணையைத் தாண்டி ஏறினால், வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன் மலை. அங்கே பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர் சிறு சிறு ஊர்களாகப் பிரிந்து வாழ்கிறார்கள். சாமையும் தினையும் மரவள்ளியும் பயிர். புளியும் கடுக்காயும் தேனும் காட்டு வருமானம்.

இங்கேதான் கூறு, காரணி என்ற வேறுபாடு தாளைவிட்டு இறங்கி நிலத்துக்கு வருகிறது. முதன்மைக் கூறு என்பது பொருள்களைக் கூட்டிச் செய்த எண். பொருள்களிலிருந்து குறியீட்டுக்குப் போகிறது அம்பு. காரணி மாதிரியில் அம்பு எதிர்த்திசை: வசதி என்ற மறைமாறி ஒன்று முன்னால் இருக்கிறது, அது வீட்டுக்குள் ஃபிரிட்ஜையும் மோட்டார் சைக்கிளையும் கொண்டுவருகிறது. வசதியைத் தெரிந்துகொண்ட பிறகு ஃபிரிட்ஜுக்கும் மின்விசிறிக்கும் இடையே மிச்சத் தொடர்பு ஏதும் இருக்கக் கூடாது என்பது இந்த மாதிரியின் மையக் கூற்று. மலையூர் ஒன்றில் மின்சாரம் சரியாக வருவதில்லை என்று கொள்வோம். அங்கே மின்விசிறி, ஃபிரிட்ஜ், தொலைக்காட்சி மூன்றும் ஒருசேரக் குறையும். அந்த ஊரிலேயே அதிக நிலமும் மாடும் வைத்திருக்கும் குடும்பத்துக்கும் இவை இராது. மூன்றின் ஒட்டுறவும் அங்கே வசதியிலிருந்து வரவில்லை, கம்பியிலிருந்து வருகிறது. முதன்மைக் கூறு இதைக் கேட்காது. சேர்ந்து நகர்வது எதுவானாலும் அள்ளிக்கொள்ளும். கம்பி இல்லாமையை வறுமை என்று எழுதிவிடும். காரணி மாதிரியில் மூன்றுக்கும் இடையே விளக்கப்படாத எச்ச ஒட்டுறவு மிஞ்சும். அது இரண்டாவது காரணி ஒன்று வேண்டும் என்று சொல்லும்.

பொருள் பட்டியலும் இதே கதைதான். 33 விவரங்களில் டிராக்டரும் கதிரடிக்கும் இயந்திரமும் தண்ணீர்ப் பம்பும் உண்டு. ஆடு, மாடு, நிலம் இல்லை. கல்வராயனில் ஒரு குடும்பத்தின் சேமிப்பு பெரும்பாலும் கொட்டிலிலும் புளிய மரத்திலும் இருக்கும்போது, அந்தச் சேமிப்பு கணக்குக்குள் வருவதே இல்லை. ஊரகத்துக்கும் நகருக்கும் தனித்தனிக் குறியீடு அமைத்துப் பிறகு இணைக்க வேண்டும் என்று ஷே ரட்ஸ்டீன் 2008-இல் முன்வைத்த முறை இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. ஊரகம் என்ற ஒரே சொல்லுக்குள் சின்னசேலத்துச் சமவெளியும் வெள்ளிமலையும் அடங்கிவிடுவதால், மலைக்கு அது போதாது.

பொருள்கள் உண்டு, இல்லை என்ற இருநிலை விடைகளாக இருப்பதும் ஒரு சிக்கல். பத்தில் ஒன்பது வீட்டில் மின்விசிறி, பத்தில் இரண்டு வீட்டில் ஃபிரிட்ஜ் என்று கொண்டால், ஃபிரிட்ஜ் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் மின்விசிறி இருந்தாலும் இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.17-ஐத் தாண்டாது. எல்லாரிடமும் உள்ள பொருள்கள் ஒரு கூட்டமாகவும் சிலரிடமே உள்ளவை வேறொரு கூட்டமாகவும் பிரிந்து, இல்லாத காரணி ஒன்று இருப்பதுபோலத் தோன்றும். விடைக்குப் பின்னால் தொடர்ச்சியான அளவு ஒன்று இருப்பதாகக் கொண்டு மதிப்பிடும் நாற்கட்ட ஒட்டுறவைப் பயன்படுத்தினால் இந்தப் போலித் தோற்றம் பெரும்பாலும் மறையும்.

காரணி மாதிரி தோற்கக்கூடியது. அதன் மதிப்பே அங்குதான் இருக்கிறது. நான்கு மாறிகளுக்கு ஒரே காரணி என்றால், முதல் இரண்டின் ஒட்டுறவையும் கடைசி இரண்டின் ஒட்டுறவையும் பெருக்கி வருவதும், மற்ற இரு வழிகளில் இணை சேர்த்துப் பெருக்கி வருவதும் சமமாக வேண்டும். ஸ்பியர்மேன் இந்த விதியையே ஆயுதமாகக் கொண்டார். சமமாகவில்லை என்றால் ஒரு காரணி போதாது; கருதுகோள் வீழ்ந்தது. லாலி 1940-இல் மீப்பெரு நிகழ்தகவு முறையைக் கொண்டுவந்தபின் இது முறையான புள்ளியியல் சோதனையாயிற்று. யோரஸ்கொக் 1967-இல் அதைக் கணினியில் நம்பகமாகச் செய்யும் வழி தந்தார். முதன்மைக் கூறில் இப்படி வீழ ஏதுமில்லை. எந்த அணியைக் கொடுத்தாலும் அது கூறுகளைத் தந்துவிடும்.

சில நேரம் காரணி மாதிரி வெளிப்படையாகவே மறுத்துவிடும். முதல் மாறிக்கும் இரண்டாவதுக்கும் 0.8, முதலுக்கும் மூன்றாவதுக்கும் 0.8, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் 0.5 என்ற ஒட்டுறவுகளை எடுத்துக்கொண்டால், முதல் மாறியின் பொதுப்பங்கு, அதாவது அதன் பரவற்படியில் காரணி விளக்கும் பங்கு, 0.64-ஐ 0.5-ஆல் வகுத்த 1.28 என்று வரும். மொத்தப் பரவற்படியே 1 ஆக இருக்க, பொதுப்பங்கு மட்டும் 1.28 ஆக முடியாது. தனிப்பங்கு எதிர்மறை ஆகிவிடும். 1931-இல் இதைச் சுட்டிய ஹேவுட்டின் பெயரால் ஹேவுட் நிலை என்பார்கள். இதே அணியிலிருந்து முதன்மைக் கூறுகள் எந்தத் தடங்கலுமின்றி வரும். அதைக் கண்டு மகிழ்வதற்கில்லை.

மற்ற வேறுபாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐகன் மதிப்புகள் வெவ்வேறாக இருக்கும்வரை முதன்மைக் கூறுகள் ஒரே விதமாகத்தான் கிடைக்கும். இரண்டாவது கூறை எடுப்பதால் முதலாவது மாறாது. காரணிகள் ஒன்றுக்கு மேல் போனால் அவற்றை எந்தக் கோணத்தில் சுழற்றினாலும் பொருத்தம் அதேதான். 1958-இல் கைசர் தந்த வேரிமாக்ஸ் போன்ற சுழற்சிகள், பொருள்கொள்ள வசதியான கோணத்தைத் தேர்வதற்கானவை. இரண்டாவது காரணியைச் சேர்த்தால் முதலாவதும் மாறிவிடும். கூறின் மதிப்பெண் அளந்த மாறிகளிலிருந்து துல்லியமாகக் கணக்கிடப்படுகிறது. காரணியின் மதிப்பெண்ணை மதிப்பிடத்தான் முடியும், தாம்சன் முறையிலும் பார்ட்லெட் முறையிலும் வெவ்வேறு விடைகள் வரும்.

அளவலகு பற்றி மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கிணற்றுநீர் ஆய்வுகளில் இது அடிக்கடி தவறும். சார்னோக்கைட், நைஸ் போன்ற கடினப்பாறையில் வெட்டிய கிணற்றின் நீரில் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான மைக்ரோசீமென்ஸ் என்று வரும். ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் நிற்கும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் அதன் உச்ச வரம்பே 1.5 மில்லிகிராம். அலகுகளைத் திட்டப்படுத்தாமல் முதன்மைக் கூறு எடுத்தால், முதல் கூறு ஏறக்குறைய மின்கடத்துதிறனாகவே இருக்கும். பல்லையும் எலும்பையும் பாதிக்கும் ஃபுளோரைடு கணக்கில் காணாமல் போகும். ஒட்டுறவு அணியை எடுத்தால் விடை முற்றிலும் வேறு. மீப்பெரு நிகழ்தகவுக் காரணிப் பகுப்பாய்வில் அலகை மாற்றினால் சுமைகளும் அதே விகிதத்தில் மாறுமே தவிர, காரணியின் அமைப்பு மாறாது.

எத்தனை கூறு, எத்தனை காரணி என்று முடிவு செய்ய ஐகன் மதிப்பு 1-க்கு மேல் இருந்தால் எடு என்ற கைசர் விதியே ஆய்வேடுகளில் பெருவழக்கு. அது தேவைக்கு மேல் எடுக்கவைக்கும். ஹார்ன் 1965-இல் சொன்ன இணைப் பகுப்பாய்வு இதைவிட நம்பத் தகுந்தது: அதே அளவுள்ள தொடர்பற்ற தரவைப் பலமுறை உருவாக்கி, அவற்றின் ஐகன் மதிப்புகளை மிஞ்சுபவற்றை மட்டும் வைத்துக்கொள்வது.

கல்வராயனுக்குத் திரும்பினால், காரணி மாதிரி இன்னொரு கேள்வியையும் கேட்க இடம் தருகிறது. ஒரே பொருள் மலையிலும் சமவெளியிலும் வசதியை ஒரே அளவில்தான் காட்டுகிறதா? யோரஸ்கொக் 1971-இல் பல குழுக்களை ஒருசேரப் பகுப்பாயும் முறையைத் தந்தார். கள்ளக்குறிச்சி நகரத்து வீடுகளை ஒரு குழுவாகவும் வெள்ளிமலை வட்டாரத்து வீடுகளை இன்னொரு குழுவாகவும் கொண்டு, சுமைகள் சமம் என்று கட்டுப்படுத்தியும் கட்டுப்படுத்தாமலும் இருமுறை பொருத்தி, பொருத்தம் எவ்வளவு கெடுகிறது என்று சோதிக்கலாம். மோட்டார் சைக்கிளின் சுமை நகரத்தில் ஒன்றாகவும், பஸ் அரிதாக வரும் மலைப்பாதையில் வேறாகவும் வந்தால், இரண்டு இடத்து மதிப்பெண்களையும் ஒரே வரிசையில் அடுக்க அடிப்படை இல்லை. தேசியக் கணக்கெடுப்பின் மாதிரி மாவட்ட அளவு மதிப்பீட்டுக்காக வடிவமைக்கப்பட்டது. ஒரு வட்டத்துக்குள் அதில் விழும் வீடுகள் இந்தச் சோதனைக்குப் போதாது. கல்வராயன் மலை வட்டத்துக்கென்றே தனி மாதிரி எடுத்து, வினாப்பட்டியலில் ஆடு, மாடு, நிலப்பட்டா, புளிய மரம், ஊருக்கு வரும் மின்சாரம், சாலையின் தூரம் ஆகியவற்றைச் சேர்த்துக் கேட்டால்தான், இரண்டு குழு மாதிரியைப் பொருத்த எண்கள் கிடைக்கும்.